போட்டோவை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம், அண்ணி

அன்பும் அதட்டலுமாய் என்னை வைத்துக் காப்பாற்றிய கோசலை அண்ணிக்கு,

காட்டுக்குள் போய்விட்டு வந்தோம், அண்ணி! நானும் என்னைக் கட்டிய உங்கள் தம்பியும். இரண்டே பேர். எழுதும்போதே எனக்குப் படபடவென்று வருகிறது. உங்கள் முதல் வருஷ நினைவு நாளுக்கு நாலு வரி எழுதிக் கொடு, பேப்பரில் போடலாம் என்றாள் என் மகள் நிவேதா. நாலு வரியில் அடங்குகிற சேதியா இது? எங்கே போடுவாளோ போடட்டும், நான் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டுக் கதை தெரியாதவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம், அதில் நீங்கள் கண்ணை மூடும்வரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள்தானே தபால்காரர்? பீங்கான் பொம்மைப் பட்டறையிலிருந்து உங்கள் தம்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, ராத்திரிக்கு ரெண்டு தோசை போதும்னு சொல்லு" என்பார். நான் அடுப்படியிலிருந்து, "அண்ணி, மாவு புளிச்சிப் போச்சி, உப்புமாதான்னு சொல்லுங்க" என்பேன். "அவனுக்கும் காது கேக்குது, உனக்கும் காது கேக்குது, நடுவுல நான் எதுக்குடி?" என்று நீங்கள் கத்துவீர்கள். கத்திவிட்டு இரண்டு பக்கமும் சேதியைச் சேர்த்துவிட்டுத்தான் உட்காருவீர்கள்.

மாமனார் கூடத்தில் கட்டில் போட்டிருந்த காலத்தில் கூச்சத்தில் ஆரம்பித்தது. மாமனார் போனார், கூச்சம் போகவில்லை. சண்டைகூட உங்கள் வழியாகத்தான். நான் பத்து வார்த்தை திட்டினால் எட்டை முழுங்கிவிட்டு இரண்டைத்தான் அவரிடம் கொடுப்பீர்கள். அவர் திட்டியதிலும் அப்படித்தான் வடிகட்டியிருப்பீர்கள், இல்லையா? அப்படியென்றால் நிவேதா எப்படிப் பிறந்தாள் என்று பட்டறைப் பெண்கள் என்னைக் கேலி பண்ணுவார்கள். அதற்கு மட்டும் அண்ணி தூது போகவில்லை என்று சொல்லி அவர்கள் வாயை அடைப்பேன்.

நீங்கள் போனதும் வீடு ஊமையாகிவிடும் என்று பயந்தேன். ஆகவில்லை. அதைவிட மோசமாயிற்று. காரியமெல்லாம் முடிந்து உங்கள் படத்தைக் கூடத்தில் மாட்டினோம். மறுநாள் காலையில் உங்கள் தம்பி படத்துக்கு முன்னால் போய் நின்று, "அக்கா, இன்னிக்கி சூளை பத்த வைக்கிறோம், சாப்பாடு பட்டறைக்கு வரணும்" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் பக்கம் திரும்பி, சரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே! ஈரக் கையோடு வந்து நின்று, "அண்ணி, கொடுத்தனுப்பறேன்னு சொல்லுங்க" என்று படத்தைப் பார்த்துச் சொன்னேன். அவ்வளவுதான், அதுவே வழக்கமாகிப் போயிற்று. மாலை போட்ட பிறகும் உங்களுக்கு ஓய்வு கொடுக்கவில்லை நாங்கள்.

லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த நிவேதா இதைப் பார்த்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள். "ஏம்மா, அத்த செத்துப் போச்சிம்மா! அதுகிட்ட போயி பால்காரன் வந்தானான்னு கேக்கறாரு அப்பா, நீ பதில் சொல்ற! பைத்தியமா ரெண்டு பேருக்கும்?" என்றாள். அன்றைக்கே போனில் எதையோ தட்டி, கல்யாண நாளுக்குக் கல்வராயன் மலையில் ஒரு காட்டேஜ் பிடித்துவிட்டாள். "காட்டுக்குள்ள ஒத்த வூடு. அக்கம் பக்கம் யாரும் கிடையாது, டிவி கிடையாது. ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துப் பேசிட்டுத்தான் வரணும்."

எனக்குத் திக்கென்றது, அண்ணி. ஆசையும்தான். இந்த மனிதர் என் முகத்தைப் பார்த்து நேராகப் பேசுவாரா, இல்லை மிச்ச காலமும் சுவரைப் பார்த்துத்தான் குடித்தனமா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கிளம்பும்போது நடந்ததைக் கேளுங்கள். பை ஏன் இவ்வளவு கனம் என்று நிவேதா திறந்து பார்த்தால், உங்கள் தம்பியின் துண்டுக்குள் சுற்றி உங்கள் படம்! மாலையோடு! "அப்பா! அத்த உங்ககூட ஹனிமூனுக்கு வரல!" என்று பிடுங்கிப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டாள். அவர் திருட்டு முழி முழித்தார். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

காரில் அவர் முன்னால், நான் பின்னால். வேப்பூரில் டீக்கு நிறுத்தினோம். டிரைவரிடம், "அவங்களுக்கு சக்கர கம்மியான்னு கேளுப்பா" என்கிறார். "சார், பின்னாடியேதானே இருக்காங்க" என்றது அந்தப் பிள்ளை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காற்றே வேறு மாதிரி ஆகிவிட்டது. வளைவுக்கு வளைவு பலா மரம், கடுக்காய் மரம், சரிவெல்லாம் மரவள்ளி. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சின்னப் பெண் மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு போனேன். வாய் நிறையச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது?

காட்டேஜைப் பார்க்க வேண்டுமே நீங்கள்! ஓடு போட்ட சின்ன வீடு, முன்னால் மூங்கில் தட்டி, சுற்றிலும் மரம்தான். உள்ளே போனால் எனக்கு மானம் போயிற்று. கட்டிலில் ரோசாப்பூ இதழை இதயம் மாதிரி பரப்பி, துண்டை இரண்டு வாத்தாக முறுக்கி மூக்கோடு மூக்கு ஒட்ட வைத்திருந்தார்கள். உங்கள் தம்பி வாத்துகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு நேரே போய் மேசையில் இருந்த டீக் கோப்பையை எடுத்து, கவிழ்த்து அடியைப் பார்த்து, நகத்தால் தட்டி, "சரியா வேகல" என்று கோப்பையிடமே சொன்னார். கல்யாண நாள் அன்றைக்கு அந்த வீட்டுக்குள் ஐயா பேசிய முதல் வார்த்தை அது.

காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறவர் செல்வராசு என்று ஒரு மலைக்காரர். நாற்பது வயசு இருக்கும், நல்ல மனிதர். அவர் வந்ததும் உங்கள் தம்பிக்கு உயிர் வந்துவிட்டது. "செல்வராசு, அம்மாவுக்கு நாட்டுக்கோழி பரவாயில்லியான்னு கேளுங்க." செல்வராசு என்னிடம் திரும்பினார். "காரம் கம்மியா போடச் சொல்லுங்க" என்றேன் நான். எனக்கும் புத்தி வரவில்லை, பாருங்கள். மத்தியானம் வரை அந்த மனிதர் எங்களுக்கு நடுவில் ஓடினார். சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், கீழ வூட்ல மாடு காத்துக்கிட்டிருக்கும், நான் கெளம்பறேங்க. இனிமே காலையிலதான் வருவேன். எதுன்னாலும் நீங்களே கேட்டுக்குங்க. அம்மா நல்லாத்தான் பேசறாங்க."

அவர் போன பிறகு இருந்த அமைதி இருக்கிறதே! இலை விழுந்தால் கேட்டது. நான் கோழிக் குழம்பை ஊற்றினேன், உங்கள் தம்பி சாப்பிட்டார், அவர் கை கழுவினார், நான் தட்டைக் கழுவினேன். சுவரில் படம் மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வாசலுக்கு எதிரே ஒரு பாறை, அதன் மேல் ஏறினால்தான் போனில் டவர் கிடைக்கும் என்று செல்வராசு சொல்லியிருந்தார். அதில் ஏறி நின்று சத்தமாக யாரிடமோ பேசுவது கேட்டது. கேட்கக் கேட்க வாசலுக்கே வந்துவிட்டேன்.

"ஆமாங்க, மோர்பிக்குத்தான். அடுத்த மாசம் பொறப்பட்டு வந்துடறேன். சூளை வேல முழுக்க நானே பாத்துக்கறேன். இங்க பட்டறை ஷெட்ட வாடகைக்கு வுட்டுட்டேன்னா ஆச்சி. வூட்லயா? சொல்லிட்டேங்க."

குஜராத்துக்கு! வேலைக்கு! வீட்டில் சொல்லிவிட்டாராம்! எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்தது என்று தெரியவில்லை, அண்ணி. "எந்த வூட்ல சொன்னீங்க? யாருகிட்ட சொன்னீங்க?" என்று பாறைக்குக் கீழே நின்று கத்தினேன். மரத்தில் இருந்த குரங்கெல்லாம் சிதறி ஓடின. போனைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் இடமும் வலமும் பார்க்கிறார். உங்களைத் தேடுகிறார், அண்ணி!

"அக்காகிட்ட சொன்னேன்" என்றார்.

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம. நீ அடுப்படியிலதான இருந்த? ஒண்ணும் பதில் சொல்லல. சரி, சம்மதம்தான்னு நெனச்சேன்."

"மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சிங்க! கறிக்கு மசாலா அரைச்சிட்டு இருந்தேன்! ஊர வுட்டுப் போற சேதிய மிக்ஸி ஓடும்போதா சொல்லுவாங்க?"

"எனக்கென்ன தெரியும், ஓடுது ஓடலன்னு? நான் அக்காவப் பாத்துல்ல பேசிட்டு இருந்தேன்!"

"அது படங்க! படம்! நான்தான் உசுரோட இருக்கறேன்!"

அப்புறம் பிடித்ததே ஒரு சண்டை! பாறை மேல் அவர், கீழே நான். இருபத்தைந்து வருஷ பாக்கியையும் அங்கேயே கொட்டித் தீர்த்தோம். என் தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டாக வந்தது, அவர் சட்டையில் நான் சாயம் ஏற்றியது, ஒன்று பாக்கியில்லை. நடுவில் உங்கள் குட்டும் உடைந்தது. என் காரக்குழம்பில் புளி தூக்கல் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி அனுப்பினாராம். நீங்கள் என்னிடம் வந்து, "தம்பி ரெண்டாந்தரம் கேட்டாண்டி" என்றீர்களே! அதை நம்பி வாரா வாரம் அதையே வைத்தேனே, பாவி மனிதர் வாயைத் திறக்காமல் தின்றாரே! கோபத்துக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

பாறையிலிருந்து இறங்கி வந்தார். "நீ மட்டும் என்னா?" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "அக்கா போனதுலேருந்து என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசினியா? நான் வந்தா தட்ட வெச்சிட்டு உள்ள போயிடற. நான் இருக்கறது உனக்குத் தொந்தரவா இருக்குதோன்னு தோணிச்சி. அக்கா இருந்தப்ப அது வூடு. இப்ப எனக்கு அங்க யாரு இருக்கறா?"

என்னத்தைச் சொல்வேன், அண்ணி? நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, தான் வேண்டாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. மறைத்து யாரிடம் சொல்லி அனுப்புவது?

"நான் இருக்கறேன்" என்றேன். "போவாதீங்க. அண்ணி சொல்லல, நான் சொல்றேன். போவாதீங்க."

அவர் என்னையே பார்த்தார். கண்ணுக்கு நேரே. இந்த மனிதருக்கு இடது புருவத்தில் ஒரு வெள்ளை முடி இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

சூட்டோடு சூடாக இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். "பட்டறையில அண்ணி ஒக்காந்து பொம்மைக்குக் கண்ணு எழுதுவாங்களே, அந்த எடத்துல நான் ஒக்காரறேன். வூட்ல ஒத்தையில கெடந்தது போதும்."

"ஒனக்குக் கை நடுங்குமே" என்றார்.

"நடுங்கினா திட்டுங்க. ஆனா என்னத் திட்டுங்க."

திரும்பிப் பாறை மேல் ஏறினார். போன் போட்டார். "வரலைங்க" என்றார். "இல்லைங்க, சம்பளம் பத்தியெல்லாம் ஒண்ணும் இல்ல. வூட்ல வேணாம்னுட்டாங்க." சொல்லிக்கொண்டே கீழே நின்ற என்னைப் பார்த்தார், அண்ணி!

காலையில் செல்வராசு டீயோடு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்ன சார், சத்தம் கீழ ஊரு வரைக்கும் கேட்டுச்சி. கரடி கிரடி வந்துடுச்சோன்னு பயந்துட்டோம்." உங்கள் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இல்லப்பா, எங்க கல்யாண நாளு" என்றார்.

திரும்பி வரும்போது அவரும் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். வேப்பூர் வருவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. பேசிப் பேசித்தான்! என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் உருப்படியாக இல்லை. எந்தக் கடையில் நல்ல பருப்பு கிடைக்கும், மழை வந்தால் பொம்மை எப்படிக் காயும், நிவேதாவுக்கு யார் ஜாடை. டிரைவர் பிள்ளை கண்ணாடியில் எங்களை வினோதமாகப் பார்த்தது.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை, அண்ணி. நீங்கள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதற்காக, நீங்கள் இல்லாததால் நடந்தது என்று சந்தோஷப்படவா முடியும்? சந்தோஷமாகவும் இருக்கிறது, அந்தச் சந்தோஷத்தை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் போலவும் இருக்கிறது.

இதோ, பட்டறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் உங்களிடம் கதை சொல்வோம், சேதி சொல்லி அனுப்ப மாட்டோம். நீங்கள் ஓடினதெல்லாம் போதும். காலை நீட்டி உட்காருங்கள். எங்களுக்குள் என்ன வந்தாலும் நாங்களே முட்டிக்கொண்டு நாங்களே தீர்த்துக்கொள்வோம்.

இன்னும் எழுதியிருப்பேன். முருகர் பொம்மைக்கு மாறுகண் வைத்துவிட்டேன் என்று சூளைப் பக்கத்திலிருந்து ஒரே சத்தம். உங்கள் தம்பி கூப்பிடுகிறார், அண்ணி. உங்களை இல்லை. "வளர்மதி!" என்று என்னை.

இருங்கள், போய் ஒரு கை பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள் தம்பி பொண்டாட்டி,
வளர்மதி
விருத்தாசலம்