கூப்பிட்டால்தான் வரும்

இன்று காலை மைதானத்தில், கையில் பிடித்து அழுத்தும் பொத்தான் கட்டையில் உன் தலைமுடி ரப்பர் பேண்டைப் பார்த்தேன். நீல நிறம். வியர்வைக் கையில் வழுக்குகிறது என்று நீதான் அதைச் சுற்றி வைத்தாய். கட்டைவிரல் படும் இடம் மட்டும் வெளுத்துப் போயிருக்கிறது. உன் நாற்காலியில் இப்போது அலுவலகத்து அண்ணன் உட்காருகிறார். அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. நேராக அதற்கு வர எனக்குத் தெரியாது. நான் பேச ஆரம்பித்தால் சுற்றித்தான் வருவேன் என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, வேறு யாரிடமும் நான் அவ்வளவு பேசியதில்லை.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டேன். எழுந்து நின்று பதில் சொல் என்றால் வாய் திறக்காது. தெரிந்த பதிலும் வராது. வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று அம்மா யாரிடமோ சொல்லி, திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து உள்ளே, சவுக்குத் தோப்பைத் தாண்டி இருக்கும் இந்தத் துப்பாக்கி மைதானத்தில் சேர்த்துவிட்டாள். பறவையைச் சுடுகிறார்கள் என்று பயந்துகொண்டே வந்தேன். பறவை இல்லை. தரைக்குக் கீழே ஒரு குழி, குழிக்குள் ஒரு இயந்திரம். அது மேலே ஆரஞ்சு பூசிய கையகலக் கருப்புத் தட்டு ஒன்றை வானத்தில் வீசும். பறந்து போகிற அந்தத் தட்டைச் சுட்டு உடைக்க வேண்டும். எல்லோரும் அதை க்ளே என்றார்கள். குழியில் க்ளே அடுக்குவதும், ஆட்டம் முடிந்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்குவதும் என் வேலை. சுடுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தித் தட்டை விடுவது உன் வேலை. செய்யூரிலிருந்து வந்து இங்கே மாமா வீட்டில் தங்கியிருந்தாய். என்னைவிட ஒரு வயது மூத்தவள். வாய் மட்டும் பத்து வயது மூத்தது.

சுடுகிறவர் கூப்பிட்டால்தான் தட்டு வரும், அதுதான் அங்கே சட்டம். ‘புல்’, அதாவது இழு என்ற ஆங்கில வார்த்தைதான் வழக்கம். ஆனால் இந்த வார்த்தைதான் என்று இல்லை, சத்தம் வந்தால் போதும். டவுன்ஷிப்பிலிருந்து வரும் சார் மன்னிப்புக் கேட்பது போல மெதுவாக ‘புல்’ என்பார். கல்லூரிப் பையன்கள் ‘ஹப்’ என்பார்கள். கேளம்பாக்கத்தில் மனை விற்கும் பெரியவர் மாட்டை அதட்டுவது போல ‘ஏய்’ என்பார். ஒருநாள் அவர் துப்பாக்கியைத் தோளில் வைக்கும் முன்பே தட்டு பறந்துபோனது.

“நான் கூப்பிடவே இல்ல, யார் விடச் சொன்னது?” என்று திரும்பிக் கத்தினார்.

“தோப்புல மயிலு கூப்டுச்சு சார். குடுத்துட்டேன்” என்றாய்.

குழிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது உனக்குக் கேட்டுவிட்டது. மதியம் சோற்றைப் பிரிக்கும்போது, “சிரிப்பு வருதே, அப்போ உள்ள தொண்டைனு ஒண்ணு கீது” என்றாய்.

பெண்களுக்குச் சனிக்கிழமை பயிற்சி தொடங்கியபோது ஆள் போதவில்லை. என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, “எல்லாரும் துப்பாக்கியப் பாக்குறாங்க. நீ ஒருத்திதான் க்ளே போறதப் பாத்துகினு கீற” என்றாய்.

அந்த முதல் சனிக்கிழமை. கிளப் துப்பாக்கி நினைத்ததைவிடக் கனம். துப்பாக்கிக் கட்டையைக் கன்னத்தோடு ஒட்டு, இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும், தட்டு இருக்கிற இடத்தில் சுடாதே, போகப்போகிற இடத்தில் சுடு என்று கோச் சார் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் புரிந்தது. ஆனால் கூப்பிட முடியவில்லை. தோளில் வைத்தபடியே நின்றேன். துப்பாக்கியை இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

“இன்னாடி, நின்னுகினே தூங்கிட்டியா?” என்று நீ முணுமுணுத்தாய். அப்புறம் நீயே ‘ஹா’ என்று சன்னமாக ஒரு சத்தம் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டாய். தட்டு கிளம்பியது. நான் சுட்டேன். அது பாட்டுக்குப் போய்த் தோப்பில் விழுந்தது.

“கூப்பிட்டது யாரு?” என்றார் கோச் சார்.

“அவதான் சார். அவ கொரலு அவ்ளோதான்.”

நான் தயார் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “உன் ஜடை ஆடிகினே இருந்துச்சு. நின்னுச்சு. குடுத்துட்டேன்” என்றாய். அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் அப்படித்தான் நடந்தது. என் ஜடை நிற்கும், உன் விரல் அழுந்தும். என் முதல் தட்டு உடைந்தபோது வானத்தில் கருந்தூள் ஒரு பூப்போல விரிந்து, மாமல்லபுரத்துப் பக்கமிருந்து வந்த கடல்காற்றில் கலைந்தது. எனக்கும் சேர்த்து நீதான் குதித்தாய்.

அன்றிரவு துப்பாக்கி உதைத்துக் கன்றிப்போயிருந்த என் தோளை அம்மா பார்த்துவிட்டு, “எவடி அடிச்சா?” என்று சண்டைக்குக் கிளம்பினாள். மறுநாள் அதைச் சொன்னதும் உனக்குச் சோறு புரையேறியது.

ஆனால் நீ அப்படியே விட்டுவிடவில்லை. “போட்டினு வந்தா நான் ஒக்கார மாட்டேன்டி. வேற எவனோ ஒக்காருவான். அவனுக்கு உன் ஜடையப் பத்தி இன்னா தெரியும்? வாயத் தொறந்து கூப்டாதான் வரும்.”

“அந்த வார்த்தை வரல” என்றேன்.

“அந்த வார்த்தை வாணாம். வேற எதுனா சொல்லு. என் பேர சொல்லேன். என்னிக்காச்சும் என் பேர சொல்லிக் கூப்டுகீறியா நீ? பூனையாட்டம் வந்து தோளத் தொடுவ. திக்குனு கீது எனக்கு.”

உண்மைதான். உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நடந்து வந்து தோளைத் தொடுவேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். உன் டிபன் பாக்ஸையும் செருப்பையும் எடுத்துப்போக உன் அண்ணன் வந்தார். எனக்குக் குழியில் வேலை இருந்தது. மேலே ஏறி வந்தபோது எல்லோரும் அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர் அழவில்லை. செருப்பை ஒரு பையில் போட்டு, டிபன் பாக்ஸை இன்னொரு பையில் தனியாகப் போட்டார். அதைப் பார்த்துத்தான் நீ இனி இல்லை என்று எனக்குப் புரிந்தது.

இப்போது சவுக்கு நிழலில் தனியாகச் சாப்பிடுகிறேன். சில நாள் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தண்ணீர் கேட்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கிறது. சனிக்கிழமைகளில் என் முறை வரும். நிற்பேன், ஜடை நிற்கும், தட்டு வராது. இறக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். போன வாரம் கோச் சார் என்னைத் தனியாக அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. “நாவலூர்லேர்ந்து ரெண்டு பொண்ணுங்க இடம் கேட்டுட்டு இருக்காங்கம்மா. அடுத்த வாரமும் நீ கூப்பிடலன்னா, உன் இடத்தை அவங்களுக்குக் குடுக்க வேண்டியிருக்கும்” என்றார். தலையை ஆட்டினேன்.

அந்த அடுத்த வாரம்தான் இன்று.

என் முறை வந்தது. சுடும் கோட்டுக்குப் போகும் வழியில்தான் அலுவலகத்து அண்ணன் கையிலிருந்த பொத்தான் கட்டையில் அந்த நீல ரப்பர் பேண்டைப் பார்த்தேன். தோட்டாவைப் போட்டு மூடினேன். கட்டையைக் கன்னத்தில் ஒட்டினேன். முதுகில் ஜடை ஆடுவது நின்றது, எனக்கே தெரிந்தது. குழிக்கு மேலே வெறும் வானம். துப்பாக்கி கனக்க ஆரம்பித்தது. பின்னால் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. கோச் சார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. தோப்பில் ஒரு மயில்கூடக் கத்தவில்லை.

வாயைத் திறந்தேன். உன் பெயரைச் சொல்லி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, கூப்பிட்டேன்.