சப்பாத்திக்கள்ளிச் சிவப்பு

மைனி, இன்று காலை எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. நேற்று உங்கள் மகள் டிராகன் பழம் வாங்கி வந்து நறுக்கித் தந்தாள், உள்ளே பீட்ரூட் நிறம். அதுவும் கள்ளிச் சாதிதானாம். காரணம் தெரிந்தும் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினேன். உடனே உங்கள் நினைவுதான் வந்தது.

தொண்ணூறுகளில் பேட்டையில் நம் வீட்டுக்குப் பின்னால், பட்டறைச் சுவரை ஒட்டி ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதர் நின்றது. மடலை அனலில் வாட்டி அம்மாவின் முழங்கால் வீக்கத்துக்கு வைத்துக் கட்டுவீர்கள். பழத்தைத் தின்றால் ரத்தம் ஊறும் என்பீர்கள். இடுக்கியால் திருகி, சாக்கில் போட்டுப் புரட்டி, சுணையெல்லாம் போன பிறகு கீறி, நடுவிலிருக்கும் முள்ளை நோண்டி எறிந்துவிட்டுத்தான் எனக்குத் தருவீர்கள். "தொண்டையில மாட்டிச்சுன்னா ஒங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்லுதது?" என்று பரிகாசம் வேறு.

முதல் தடவை சிவப்பாகப் போனபோது இரண்டு பேரும் அலறியடித்துக்கொண்டு ஜங்ஷன் பக்கம் டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் நம் உதட்டைப் பார்த்தே சிரித்துவிட்டார். "பழத்துச் சாயம்தாம்மா. ரெண்டு நாள் பழத்த நிறுத்துங்க, தெளிஞ்சிரும். தெளியலைன்னா வாங்க." பஸ்ஸில் நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். தெருவெல்லாம் அந்தக் கதையைச் சொன்னீர்கள். டாக்டரம்மாவின் கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னீர்கள்.

அடுத்த வருஷம் மறுபடி சிவந்தது. "பழந்தான்" என்றீர்கள். ஆள் இளைத்துக்கொண்டே வந்தீர்கள், ஆனாலும் தினமும் இடுக்கியோடு புதருக்குப் போனீர்கள். மசக்கையா மைனி என்று நான் கேலிகூடச் செய்தேன். ஐப்பசி மழையில் புதரில் ஒரு பழமும் இல்லை. குளியலறைத் தரையில் சிவப்பு கிடந்தது.

"பழம் எங்கன மைனி இருக்கு?" என்று கேட்டேன்.

நீங்கள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே நின்றீர்கள். "பைய பேசு, பிள்ளை கேக்கும். பழம்னு சொன்னா எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிருதாவ. வேற என்னமும் சொன்னா ஒங்கண்ணன் மொகத்த நான் பாக்கணும்லா?"

சிவப்புக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவே தின்றிருக்கிறீர்கள். பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது சிறுநீரகத்தில் கட்டி முற்றியிருந்தது. அடுத்த சித்திரையை நீங்கள் பார்க்கவில்லை. பழம் அதை உண்டாக்கவில்லை, ஆற்றவும் இல்லை. மறைத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் மேல் இருக்கிறது, இத்தனை வருஷம் கழித்தும்.

இன்று காலை நான் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் எட்டிப் பார்த்துவிட்டாள். "என்ன அத்தை, செவப்பா கெடக்கு?"

"பழந்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது, அப்படியே உங்கள் குரல். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் வெளுத்துவிட்டது. "எங்கம்மையும் இதத்தான் சொன்னாவ."

அவளை உட்காரவைத்து, டாக்டரம்மா சொன்னதை முழுசாகச் சொன்னேன். இரண்டு நாள் பழம் வேண்டாம், தெளியவில்லை என்றால் போவோம் என்றேன்.

"தெளிஞ்சாலும் போவோம் அத்தை" என்றாள்.

சரி என்றேன், மைனி. அன்றைக்கு நீங்கள் பைய பேசச் சொன்னதையும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.