இனிமேல் காலையில் மட்டும்தான் கறப்பேன்

அன்பு மகள் கிருத்திகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆடுகள் இரண்டும் குட்டிகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை, கீழே படித்தால் தெரியும். கனடாவில் நீயும் மாப்பிள்ளை கௌசிக்கும் அந்தப் பனியில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க நம் குலசாமி கூடவே நிற்கட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே அம்மிணி. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு உனக்கு ஒத்து ஊதுவாள், இரண்டு பேருக்கு நடுவில் என் கோபம் காப்பி ஆறுவது போல ஆறிப்போகும். இந்தத் தடவை அது ஆறக்கூடாது. பக்கத்து வீட்டு சண்முகப்பிரியா லீவு முடிந்து உங்கள் ஊருக்கே திரும்பி வருகிறாள் இல்லையா, அவள் கொண்டு வரும் பையில் கொள்ளுப் பருப்புக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவில் இதை வைத்திருக்கிறேன். பொடியை மட்டும் எடுத்துக்கொண்டு இதைத் தூக்கிப் போட்டாய் என்றால் அடுத்த முறை உனக்கு வெறும் பைதான் வரும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலில் இருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைத்தே உன்னைப் படிக்க வைத்தேன். கண் டாக்டர் இனிமேல் அந்தத் தீயைப் பார்க்காதே என்று சொன்னார், சரி என்று மல்லசமுத்திரம் வந்து வீட்டோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாமல் பாலுக்கென்று செவலை, அரசி என்று இரண்டு ஆடுகளைப் பிடித்து வந்தேன். ராத்திரி குட்டிகளைக் கொடாப்புக்குள் விட்டு மூடுவேன், அந்தப் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்துவிட்டால் குட்டி உள்ளே, தாய் வெளியே. விடியும்போது மடி நிறைந்திருக்கும், நமக்கு ஒரு சொம்பு கறந்துகொண்டு கூடையைத் தூக்கிவிடுவேன், அப்புறம் பகல் முழுக்க பால் குட்டிகளுடையது. எங்கள் இரண்டு பேர் டீக்கு அது போதும், ஆடும் சந்தோஷம், குட்டியும் சந்தோஷம், நானும் சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் கிளம்பிப் போவேன். இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கனடாவில் இருந்து நீ கை வைத்தாய். ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு உன் அம்மாவிடம் சட்டம் போட்டாய், காலை ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை, நேரம் தப்பக் கூடாது, குட்டிகளைப் பகலிலும் தனியாக அடைத்துப் புட்டிப்பால் கொடு என்று. நான் சொன்னால் உன் அம்மா காதில் ஏறாது, நீ சொன்னால் அது அரசாங்க உத்தரவு. உடனே போனில் அலாரம் வைத்துவிட்டாள். சாயங்காலம் ஐந்து அடித்தால் அது நாதசுரம் மாதிரி ஊதுகிறது, நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அவ்வளவு பாலை யார் குடிப்பது என்று ஒரு நாளாவது யோசித்தாயா? உன் அம்மா பாலைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு தெருவில் இறங்கினால் அக்கம்பக்கத்தில் கதவைச் சாத்துகிறார்கள். அடுத்த வீட்டு மாரி என்னிடமே கையெடுத்துக் கும்பிட்டு, "அப்புசாமியண்ணா, ஆட்டுப்பால் குடிச்சுக் குடிச்சு எங்கூட்டுப் புள்ளைங்க மே மேன்னு கத்துதுங்க, போதுமுங்க"ன்னு சொல்கிறான். இந்தப் பக்கம் பால் மிஞ்சுகிறது, அந்தப் பக்கம் செவலையின் சின்னக் குட்டிக்கு முதுகெலும்பு தெரிகிறது. புட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நான் பக்கத்தில் உட்கார்ந்தால் என் வேட்டி நுனியைச் சப்பும். தாய் இங்கே கத்தும், குட்டி அங்கே கத்தும், நடுவில் நான் வில்லன் மாதிரி சொம்போடு நிற்பேன். உங்கள் ஊரில் பெரிய பண்ணை வைத்திருக்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம், நான் தப்பு என்று சொல்லவில்லை. இரண்டே ஆட்டை வைத்துக்கொண்டு டீக்குப் பால் கறக்கிறவனுக்கு எதற்கு அம்மிணி அந்தச் சட்டம்?

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் பொறுத்தேன். சிரிப்பு போனது உன் அத்தை, என் தங்கச்சி பழனியம்மாள் வீட்டில். அவள் மகன் பூபதிக்கு ஓமலூரில் நிச்சயம் என்று உனக்கும் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான், தட்டு மாற்றும்போது முதல் வெற்றிலை என் கைக்குத்தான் வர வேண்டும். பெண் வீட்டார் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. எல்லாரும் பாயில் உட்கார்ந்தாயிற்று, பெரியவர் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை எடுக்கிறார், உன் அம்மாவின் பைக்குள் இருந்து நாதசுரம் ஊதுகிறது. கெட்டிமேளம் இப்பவேவா என்று பெண் வீட்டுக் கிழவர் கேட்க, சபையே சிரித்தது. உன் அம்மா என் பின்னால் குனிந்து, "ஏனுங்க, செவலைக்கு மடி கட்டிக்குமுங்க, இப்பக் கிளம்புனாத்தான் சேலம் போயி பஸ் மாற முடியும், பாப்பா கேட்டா நான் என்ன பதில் சொல்றது"ன்னு அரிக்கிறாள். நானும் புத்தி கெட்டு எழுந்தேன். என் தங்கச்சி வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "போகட்டும் உடுங்க, எங்கண்ணன் ஆட்டுக்குத்தான் மாமன், எம்பையனுக்கு இல்லீங்க"ன்னு சொன்னாள். அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. கல்யாணத்தில் மாமன் கையால்தான் பூபதி நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும், அதற்குப் பங்காளி ஒருத்தரைக் கேட்கப் போகிறாள் என்று காதில் விழுந்தது. சாமி, தங்கச்சி மகனுக்குப் பட்டம் கட்டாத மாமன் இந்த ஊரில் தலைநிமிர்ந்து டீ குடிக்க முடியாது.

வந்த கோபத்தில் மறுநாளே சாயங்காலக் கறவையை ஒரேயடியாக நிறுத்தினேன். குட்டிகளையும் தனியாக அடைத்தே வைத்திருந்தேன், அது என் மடத்தனம். விடியும்போது செவலையின் மடி கல்லு மாதிரி கிடக்கிறது, தொட்டால் கொதிக்கிறது, அது காலைத் தூக்கி உதைக்கிறது. உன் அம்மாவுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும், "பாத்தீங்ளா, பாப்பா சொன்னதைக் கேக்காம"ன்னு ஆரம்பித்தாள். நான் வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்து தளர்த்தினேன். அப்போதுதான் நீ போன் செய்தாய். நான் கொட்டகையில் ஆட்டுக்குக் கீழே குனிந்து இருக்கிறேன், நீ ஸ்பீக்கரில் பேசுகிறாய். "அப்பா சும்மாதானம்மா இருக்காரு, சாயங்காலமும் ஆடு இருந்தாத்தான் பட்டறைப் பக்கம் போகமாட்டாரு, அதுக்குத்தானே ரெண்டு வேளைன்னு சொன்னேன்." அம்மிணி, அந்த வார்த்தையைக் கேட்டு என் கை மடியிலேயே நின்றுவிட்டது. பால் அதிகமாக வேண்டும் என்பதும் இல்லை, ஆட்டின் மேல் அக்கறையும் இல்லை, நான் சாயங்காலம் நாமக்கல் பஸ் ஏறி பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் பட்டறைக்குப் போய்விடக் கூடாது, அதற்கு ஆட்டை முளைக்குச்சியாக அடித்து என்னை அதில் கட்டியிருக்கிறீர்கள் தாயும் மகளும். குட்டிக்குக் கவிழ்த்த கொடாப்பை எனக்குக் கவிழ்த்தீர்கள். என் கண் மேல் உனக்குப் பயம், எனக்குத் தெரியாதா? அதை என் முகத்தைப் பார்த்து, அப்பா, அந்தத் தீப்பக்கம் போகாதே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போகிற இடத்தில் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்று உனக்கு வாக்கு கொடுத்திருப்பேன். இப்போதும் கொடுக்கிறேன். ஆனால் சும்மா இருக்கிறான் என்று சொன்னது சும்மா போகாது.

அதனால் நானே ஒரு முடிவுக்கு வந்தேன், கேட்டுக்கொள். இந்த வீட்டில் ஆட்டுக்கு ஒரு வேளைக் கறவைதான், அது காலையில்தான். ஒரே நாளில் நிறுத்துகிற மடத்தனத்தை மறுபடி செய்யவில்லை, சாயங்காலம் பாதி கறந்து குட்டியை விட்டேன், பிறகு அதையும் குறைத்துக் குறைத்துக் கொண்டு வந்து, இப்போது பகல் முழுக்கக் குட்டிகளே குடித்துக்கொள்கின்றன. சின்னக் குட்டி இப்போது கொட்டகைச் சுவரில் ஏறிக் குதிக்கிறது, என் வேட்டியைத் திரும்பியும் பார்ப்பதில்லை, நன்றி கெட்ட ஜென்மம், உன்னை மாதிரி. அலாரத்தை எடு என்று உன் அம்மாவிடம் சொன்னால், பாப்பாவைக் கேட்டுத்தான் எடுப்பேன் என்கிறாள். ஒரு நாள் அந்தப் போனை அரிசிப் பானைக்குள் புதைத்தேன், அரிசிக்குள் இருந்தும் ஊதியது.

நேற்று அவளையும் கூட்டிக்கொண்டு ஓமலூர் போனேன், சொல்லாமல்தான் போனேன், சொன்னால் பழனியம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருப்பாள். வாங்க என்று உன் அம்மாவை மட்டும் கேட்டாள், எனக்கு ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். பலகாரத்துக்குத் தோசை போட்டாள், பேச்சு கொடுக்கவில்லை. நான் இரண்டாவது தோசையில் இருக்கிறேன், பைக்குள் இருந்து நாதசுரம் ஊதியது. உன் அம்மா பயந்துபோய் என்னைப் பார்க்கிறாள். பழனியம்மாள் பையில் கைவிட்டு அந்தப் போனை எடுத்து, ஊதுகிற மாதிரியே என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "எந்திரிச்சுப் போறதுன்னா இப்பவே போயிருண்ணா, கல்யாண மேடையில இருந்து எந்திரிக்காத"ன்னு சொன்னாள். குரல் நடுங்கியது அம்மிணி, அவளுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது கோபம் மட்டும் இல்லை. நான் எழவில்லை. அது ஊதி ஊதி ஓய்கிற வரைக்கும் சட்னியைத் தொட்டுத் தின்றுகொண்டே இருந்தேன். ஓய்ந்ததும், குட்டி குடிச்சுக்கும், நீ இன்னொரு தோசை போடு என்றேன். கல்லில் மாவை ஊற்றின சத்தத்திலேயே அவள் இன்னும் திட்டுகிறாள் என்று தெரிந்தது, ஆனால் போட்டாள், நெய்யும் விட்டாள். வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் செவலை அசை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது, மடி பஞ்சு மாதிரி இருக்கிறது, குட்டிகள் வயிறு உருண்டு அதன் மேலேயே சாய்ந்து தூங்குகின்றன.

கல்யாணம் வளர்பிறையில், முதல் நாள் சாயங்காலமே நாங்கள் இரண்டு பேரும் ஓமலூர் போய்விடுவோம். அன்று ராத்திரி கொடாப்பைக் கவிழ்க்க மாட்டேன், மறுநாள் காலைக் கறவையும் குட்டிகளுக்கே விட்டுவிடுவேன், மாரி வந்து தழையும் தண்ணீரும் வைப்பான். உன் வீடியோக்காரனிடம் இதற்கு என்ன சட்டம் என்று கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் கூடை போட்டு மூடாமல், நூறு வருசம் நன்றாக இருங்கள், காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள். கொள்ளுப் பருப்பை மறக்காமல் வேகவைத்துச் சாப்பிடு, உடம்புக்குச் சூடு. முக்கியமாக ஒன்று, அந்த அலாரத்தை எடுக்கச் சொல்லி உன் அம்மாவிடம் நீயே சொல், உன் வாயால் கட்டினதை உன் வாயால்தான் அவிழ்க்க வேண்டும். என்னோடு பேச வேண்டும் என்றால் சாயங்காலம் கூப்பிடாதே, நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சும்மா இருக்கிற உன் அப்பன்,
பூபதியின் தாய்மாமன்,
அப்புசாமி