சிவக்கொழுந்தர் வீட்டில் தண்ணீர் குடித்தேன்

செப்ரெம்பர் 8, திங்கள்

காற்றே இல்லை. வேலிக் கிடுகுகூட அசையவில்லை. ஊர்காவற்றுறையில், ஆட்களோடு பேசி இணங்க வைக்கப் பழக்கும் பயிற்சி வகுப்பு, இன்று கடைசி நாள்.

முதல் நாள் அந்தப் பயிற்றுநர்ப் பிள்ளை கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "ரீச்சர், நீங்கள் சொல்லி ஒரு ஆள் மனம் மாறினது கடைசியா எப்ப?" பள்ளிக்கூடத்தில் நான் சொன்னதை எல்லாரும் செய்தவை என்றேன். "செய்தவை, சரி. மனம் மாறினவையோ?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறக்காமல் இருக்க, படித்தவை:

ஆளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவர் சொன்னதை அவர் சொல்லாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும் (கேட்டோம் என்று தெரியும்). பெரியது கேட்கமுன் சின்னது ஒன்று கேட்க வேண்டும். பேனை, கதிரை, எதுவானாலும். உதவி செய்தவருக்கு நம்மில் பற்று வருமாம். பிறகு வாயை மூட வேண்டும். இது எனக்குக் கஷ்டம்.

நான் சொன்ன உதாரணம்: ஆட்டைக் கயிற்றில் இழுத்தால் நாலு காலையும் ஊன்றும். குழையைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தால் வரும். வகுப்பில் கை தட்டினார்கள். கொஞ்சம் பெருமைதான்.

எங்கள் ஊர் சரவணைக்கு பஸ்ஸில் திரும்பும்போது தலையிடி. பனடோல் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

வெயில். மாதர் சங்கக் கூட்டம். ஒரே கதை, கிணறு.

ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். மற்றதெல்லாம் சவர், உப்புக் கரிக்கும். அது சிவக்கொழுந்தரின் காணிக்குள். அவருடைய தகப்பன் வெட்டினது, ஊரே அள்ளினது. போன மாதம் யாரோ கிணற்றுக் கட்டில் சவர்க்காரம் போட்டுத் துணி தோய்த்திருக்கிறார்கள். மனிசன் ஏசியிருக்கிறார். "கிணறு என்ன உங்கட கொப்பர் வெட்டினதோ?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். கொப்பர்தான் வெட்டினவர்! அன்றே கிணற்றுப் படலைக்குப் பூட்டு.

சங்கத்திலிருந்து ஒருதரம் கூட்டமாகப் போனார்கள். கிராம அலுவலரும் போனார். ஒன்றுக்கும் மனிசன் அசையவில்லை.

பக்கத்து வீட்டு மலருக்கு எட்டு மாதம். புருசன் கடலில். அவள் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான் கட்டி, கோயில் கிணறுவரை மணலுக்குள்ளால் உருட்டுகிறாள். பாரம் தூக்கவே கூடாது என்று மருத்துவமாது இரண்டுதரம் சொல்லிவிட்டார். நேற்று இரத்தம் கொஞ்சம் பட்டதாம். "தண்ணி, பிள்ளை ரெண்டையும் காவ என்னால ஏலாது ரீச்சர்," என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வரும் நாளில் வரும், வராத நாளில் வராது.

"ரீச்சர் படிச்சுக்கொண்டு வந்திருக்கிறா. அவ போகட்டும்," என்று தலைவி. ஓம் என்றேன். வீட்டில் பெரியண்ணைக்குச் சொல்லவில்லை.

செப்ரெம்பர் 10, புதன்

காலை மீன்காரரிடம் பாடத்தைப் பழகிப் பார்த்தேன். "வெயிலுக்க நிண்டு நல்லாக் களைச்சுப் போனியள் என்ன, அந்தோனி?"

அவர் தராசைக் கீழே வைத்தார். "விலை குறைக்கிறதெண்டால் நேராச் சொல்லுங்கோ ரீச்சர். ஏன் இவ்வளவு சுத்துறியள்?"

முதல் தோல்வி. சூடை மீன் வாங்கினேன்.

பத்து மணிக்கு சிவக்கொழுந்தர் வீடு.

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

அவர் மனைவி பூமணி அக்கா கதிரை தந்தா. சிவக்கொழுந்தர் பேப்பரை மடிக்காமலே இருந்தார். பெயர் சொன்னேன், சுகம் கேட்டேன். அடுத்தது சின்ன உதவி. பேனை கேட்க நினைத்தேன், என் பையிலேயே பேனை துருத்திக்கொண்டு நின்றது. நடந்து வந்த வெயில், நாக்கு ஒட்டிப்போயிருந்தது. வாயில் வந்துவிட்டது:

"அண்ணை, குடிக்க ஒரு மிடறு தண்ணி தாறியளோ?"

பூமணி அக்கா நடந்தவ அப்படியே நின்றுவிட்டா. பேப்பர் நிலத்தில் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலிக் கதியால் தள்ளி நட்ட காணி வழக்கில் பெரியண்ணையும் இவரும் பிரிந்த நாள் தொட்டு, எங்கள் வீட்டார் இவர்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. அவர்களும் இல்லை. செத்த வீட்டுக்குப் போவோம், முற்றத்தில் நிற்போம், தேத்தண்ணி வருமுன் எழும்பிவிடுவோம். பாட்டியின் எட்டுச் சடங்குக்கு வந்த பூமணி அக்கா மயக்கம் வந்தும் தண்ணீர் வாங்காமல் போனவ. அந்த வீட்டில் நான், வகுப்புப் பாடத்தை ஒப்புவிக்கிற பிள்ளையைப் போல, தண்ணீர் கேட்டுவிட்டேன்.

திருப்பி எடுக்க ஏலாது.

சிவக்கொழுந்தர் எழும்பினார். திறப்பை எடுத்தார். தானே போய்ப் படலைப் பூட்டைத் திறந்து, வாளி விட்டு அள்ளி, செம்பைப் புளி போட்டு விளக்கிக் கழுவி, இரண்டு கையாலும் கொண்டுவந்து தந்தார். நான் குடிக்கும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை. இனிப்பான தண்ணீர்.

பிறகு கேட்டார்: "கொண்ணையோ அனுப்பினவர்?"

பெரியண்ணையைத்தான் கேட்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன். மௌனம் அடுத்தவரைப் பேச வைக்கும் என்று படித்தேன் அல்லவா. பேச வைத்தது. "நல்லது. படலை திறந்தே கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை நல்ல நாள். நானும் இவவும் அங்க வாறம், கொண்ணைக்குச் சொல்லும்."

கிணறு கிடைத்தது. வீடு வந்து சேரும்வரை கால் நிலத்தில் படவில்லை. சந்தோசம் இல்லை. பயம்.

செப்ரெம்பர் 11, வியாழன்

காற்று எழும்பியிருக்கிறது. முற்றம் முழுக்கப் புழுதி.

மலர் விடியவே வந்தாள். "ரீச்சர்! மூண்டு எட்டில கிணறு! என்ன மருந்து போட்டனீங்கள்?" கானை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். அவளை அவர்கள் அள்ளவிடவில்லையாம், சிவக்கொழுந்தரே அள்ளி ஊற்றினாராம்.

நான் சொல்லமுன் ஊர் பெரியண்ணைக்குச் சொல்லிவிட்டது. சந்தைக்குப் போனவர் வெறும் பையோடு திரும்பினார். சேர்ட்டும் கழற்றவில்லை.

"குடிச்சனியோ?"

"ஓம்."

"நாயை அடிச்சுத் துரத்தின மாதிரி என்னைக் கோட்டுக்கு இழுத்தவன்ர செம்பில?"

வகுப்பு ஞாபகம் வந்தது. அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். "அண்ணை, நாயைத் துரத்தின மாதிரி உங்களைக் கோட்டுக்கு இழுத்தவர் எண்டு உங்களுக்கு மனவருத்தம்..."

"கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்லாதை! உனக்கு என்ன பிடிச்சிருக்கு?"

பிறகு குரல் இறங்கிவிட்டது, அதுதான் கூடப் பயம். "ஊர் என்ன சொல்லும்? கந்தையன் தங்கச்சியை அனுப்பிச் சமாதானம் கேட்டவன் எண்டெல்லோ சொல்லும். நான் கேக்கேல்லை. என்ர வாயை நீ ஏன் பாவிச்சனி?"

மத்தியானம் சாப்பிடவில்லை அவர். நானும்.

நாளை அவர்கள் வருவார்கள். அண்ணை முகத்தைத் திருப்பினால் மீண்டும் பூட்டுத்தான். இந்தமுறை வாளியே விடமாட்டார்கள். மலர் மறுபடி மணலுக்குள்.

கதியால்கள் அந்தக் காலத்திலேயே பட்டுப்போய்விட்டன. வேலி இருந்த இடத்தில் இப்போது மதில்.

செப்ரெம்பர் 12, வெள்ளி

விடிய குளித்து, நேராக சிவக்கொழுந்தர் வீடு. அவர்கள் வெளிக்கிடமுன் சொல்லிவிட வேண்டும் என்று. இருக்கச் சொன்னார்கள், இருக்கவில்லை.

"அண்ணை என்னை அனுப்பேல்லை. அவருக்குத் தெரியாது. நீங்கள் கேக்கேக்க நான் பேசாமல் நிண்டது பிழை. தண்ணி கேட்டதும் ஒரு யோசினையோட இல்லை. விடாய்ச்சது, கேட்டனான்."

பூட்டும் திறப்பும் என் கண்முன். எழும்பப் போகிறார் என்று நினைத்தேன்.

சிவக்கொழுந்தர் சிரித்தார். "கந்தையர் ஆள் அனுப்புவாரோ? அது எனக்குத் தெரியாதே? உம்மைக் கேட்டது ஒரு பகிடிக்கு."

நான் வாயைத் திறந்தபடி. பூமணி அக்கா சொன்னா: "ரீச்சர், பூட்டினநாள் தொடக்கம் இந்த மனிசன் வாசலைப் பாத்தபடிதான். வந்த எல்லாரும் கிணத்தைக் கேட்டினம். சட்டம் சொன்னவை, நியாயம் சொன்னவை, ஊர் வழமை சொன்னவை. ஒருத்தரும் இவரிட்ட ஒரு வாய் தண்ணி கேக்கேல்லை. கேட்டது நீங்கள் ஒராள்."

திகைப்பு. வகுப்பின் நாலு பாடத்தில் ஒன்றுக்கும் இதில் பங்கில்லை, அல்லது எல்லாவற்றுக்கும் உண்டு. தெரியவில்லை. நான் பாடமாகக் கேட்டிருந்தால் அந்தோனியைப் போல இவரும் கண்டுபிடித்திருப்பார் என்பது மட்டும் தெரிகிறது.

"வரட்டோ, வேண்டாமோ?" என்று கேட்டார். அண்ணையின் கோபத்தை மறைக்காமல் சொன்னேன். "கோவிக்கட்டும். நானும் கோவிச்சனான்தானே," என்றார்.

வந்து அண்ணைக்கும் அப்படியே சொன்னேன். நீங்கள் அனுப்பவில்லை என்று அங்கு போய்ச் சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரியுமாம். இன்று வருகிறார்கள். நீங்கள் வெளியே வராவிட்டாலும் நான் குறைசொல்ல மாட்டேன். அண்ணை அறைக்குள் போனார், கதவைச் சாத்தினார்.

நாலு மணிபோல படலையில் இருவரும். சிவக்கொழுந்தர் வேட்டி கட்டி, பூமணி அக்கா கையில் வாழைப்பழச் சீப்பு. நான் "வாருங்கோ" என்றேன். அவர்கள் முற்றத்தில் நின்றார்கள், செத்த வீட்டில் நாங்கள் நிற்பதுபோல. மற்றப் பக்க மதிலுக்கு அப்பால் மலரின் தலை.

அறைக் கதவு திறந்தது. அண்ணை ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து முற்றத்து நிழலில் போட்டார். திரும்பிப் போய் இன்னொன்று. பிறகு அறைக்குள் போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

"உவன் இன்னும் கதிரையை இழுத்துத்தான் வாறான். தூக்கத் தெரியாது," என்று சிவக்கொழுந்தர் உரத்துச் சொன்னார். உள்ளேயிருந்து: "உனக்கு இடுப்பில நாரிப்பிடிப்பு எண்டு கேள்வி. பாத்து இரு."

இரண்டு வசனம். நான் குசினிக்குள் ஓடி அடுப்பைப் பற்றவைத்தேன். தேயிலைப் பேணி கையிலிருந்து விழுந்தது. தேத்தண்ணியை இருவரும் குடித்து முடித்தார்கள். அண்ணை வரவில்லை. போகும்போது "பூட்டை அவவிட்டயே குடுத்திட்டன்," என்று சிவக்கொழுந்தர் மதிலுக்கு மேலால் மலரைக் காட்டினார்.

இந்தக் கொப்பியை யார் புரட்டினாலும்: கதைக்காமல் விட்ட ஒருவரிடம் நாளைக்குப் போய், உமக்கு மெய்யாகவே தேவையான சின்னப் பொருள் ஒன்றை, வேறொன்றும் சேர்க்காமல், கேட்டுப் பாரும்.