குழாய்க் குழியை இன்று மூட வேண்டாம்

அண்ணா,

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடி இருக்கிறது. எனக்கு இன்று தேர்வு.

கொத்தனார் வந்தால் பின்பக்கக் குழாய்க் குழியில் மண் தள்ள விடாதே. சாயங்காலம் வந்துதான் அளக்க முடியும். கட்டட வேலையை அளந்து செலவு கணக்கிடும் என் குவான்டிட்டி சர்வேயிங் படிப்பில் இந்த வருடச் செய்முறைக்கு நம் வீட்டுக் கட்டட வேலையைத்தான் எடுத்திருக்கிறேன். மூடிய பிறகு குத்துமதிப்பாக எழுதினால் ஏற்க மாட்டார்கள். அஸ்திவாரத்தை நான் வருவதற்குள் மூடிவிட்டீர்கள். இதுவும் போனால் இந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

நேற்று நீ, "கெமிஸ்ட்ரி முடிச்சுட்டுக் குழி அளக்கப் போறியா?" என்றாய். கொத்தனாரும், "மண்ணுக்குள்ள போறதை யாரும்மா பாக்கப் போறாங்க?" என்றார். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் உள்ளே போனது கோபத்தில் இல்லை, தேர்வுக்குப் படிக்க. கொத்தனார் கேட்டதற்குப் பதில் இதுதான்: யாரும் பார்க்க முடியாது என்பதால்தான் முன்பே அளக்கிறோம். அவரிடமும் சொல்லிவிடு.

பி.கு. மழை வந்து மூடியே ஆக வேண்டுமென்றால் நீயே அளந்து வை. டேப் என் மேசையில் இருக்கிறது. ஒரு முனையைக் கொத்தனார் பிடிக்கட்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் வேண்டும்.

இன்னொன்று: அளந்தவர் பெயரையும் எழுத வேண்டும். உன் பெயரைத்தான் போடுவேன்.