மூன்றாம் தடவை வந்த வலி

கொழும்பு, ஆவணி 1953

அன்புள்ள நேசபாய்,

நீயும் அம்மையும் கர்த்தர் கிருபையால் சுகந்தானே? எனக்குப் பழைய வயிற்றுவலி காய்ச்சலோடு திரும்பி வந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். பயப்படாதே. இது மூன்றாம் தடவை. குடலில் சின்னப் பைபோலப் புடைத்த இடம் பழுக்கிறதாம்.

"ஊசியில் அடங்கும். ஆனால் இனி வராது என்று சொல்லமுடியாது. உடைந்தால் உயிருக்கு ஆபத்து. வெட்டி எடுத்துவிடலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

"பதில் வரும்வரை குடல் பொறுக்குமா?" என்றார்.

சம்மதித்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லையே என்று கோபப்படாதே.

இடுப்பில் இறுகாத மெல்லிய வேட்டி இரண்டு அனுப்பு. பதிலை உன் தம்பியை வைத்து எழுதாமல், உன் கையாலேயே எழுது.

ஆபரேஷனுக்குக் கட்டிலைத் தள்ள ஆள் வந்துவிட்டான். யாருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன்.

உன்
ஜான்ரோஸ்