தம்பி என்று கூப்பிட்டது நான்தான்

இன்று காலை சூலியா தெருவுக்கு வேலைக்குப் போகும் வழியில் போலீஸ் தடுப்பு. எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் நின்ற ஒரு பெண், "தம்பி, இந்த ஒரு தடவை விட்டுடுங்க தம்பி" என்று கெஞ்சினாள். அந்தப் போலீஸ்காரரும் தமிழர்தான். அபராதம் எழுதும் சம்மன் புத்தகத்தை மூடிவிட்டுப் போகச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாமும் அப்படி ஒரு நாள் நின்றோமே. பைராம் தோட்டத்தில் உங்கள் அக்கா மகளுக்குப் பரிசம். நான் புடவையை மாற்றி மாற்றிக் கட்டியதில் நேரமாகிவிட, நீங்கள் மோட்டாரை முறுக்கினீர்கள். பிடிபட்டதும் முகம் கோணாமல் லைசென்ஸை நீட்டினீர்கள்.

"வேகமா வந்தது நான்தான், எழுதுங்க சார்."

அதோடு விட்டிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே! "தம்பிக்கு எந்த ஊரு? பட்டர்வொர்த்தா? எங்களுக்கும் அங்க சொந்தக்காரங்க இருக்காங்க தம்பி" என்று ஆரம்பித்தேன். நான் பேசி முடிப்பதற்குள் அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

"அக்கா முகத்துக்காக விடுறேன் அண்ணே. பெலான் பெலான், மெதுவா ஓட்டுங்க லா."

பரிச வீட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு தம்பிதான் போட்டேன், சம்மன் பறந்துடுச்சு" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு வேகமாகப் போகிறீர்களே என்று பின்னாலிருந்து கிள்ளினால், "என் பொண்டாட்டி இருக்கும்போது எவன் எனக்குச் சம்மன் போடுவான்?" என்பீர்கள். நானும் பெருமையாக உங்கள் முதுகில் சாய்ந்துகொள்வேன்.

அந்தக் கடைசி நாள் நான் பின்னால் இல்லை. "சோத்தைப் போட்டு வை, பத்து நிமிஷத்துல வந்துடுறேன்" என்று போன் செய்தீர்கள். அது அரைமணி நேரப் பாதை. மழையில் நனைந்திருந்த வளைவில் மோட்டார் சறுக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர், "வேகம்தான் அக்கா" என்றார்.

சில நாள் அந்த முதல் போலீஸ்காரர்மேல் ஆத்திரமாக வருகிறது. எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? பிறகு அந்த ஆத்திரம் என்மேலேயே திரும்பிவிடுகிறது. நீங்கள் லைசென்ஸை நீட்டிக்கொண்டுதானே நின்றீர்கள்.

இப்போது நானே கார் ஓட்டுகிறேன். பலகையில் ஐம்பது என்றால் ஐம்பதுதான். பின்னால் வருபவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள், முறைத்துக்கொண்டே முந்திப் போகிறார்கள். போகட்டும். அவர்களுக்கு வீட்டில் யாரோ காத்திருப்பார்கள். எனக்கு என்ன அவசரம்? நான் போய்த்தான் விளக்கையே போட வேண்டும்.